பரவாயில்லைக்காரர் பயணம் போகிறார்

பரவாயில்லைக்காரர் என்றோர் இனம் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் செழித்து வளர்கிறது. மழை அதிகமுள்ள இடங்களில் இன்னும் நன்றாக வளரும். உரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம். அன்றாடம் கொஞ்சம் அநியாயம் செய்துவந்தால் போதும், தளதளவென்று வரும்.

அடையாளம் காண்பதும் எளிது. தேநீர்க் கடையில் பாத்திரம் கழுவிய தண்ணீர்போல ஒரு தேநீர் அவர் முன்னால் வந்து அமரும். ஒரு மடக்குக் குடிப்பார். முகம் கோணும். இப்படியொரு தேநீரைக் கொடுப்பவர்களைக் கப்பலேற்ற வேண்டும் என்றும், இந்த நாடு குட்டிச்சுவராகப் போய்க் கனகாலமாயிற்று என்றும், தன் தாயார் காலத்தில் பிச்சைக்காரனுக்குக்கூட இதைவிட நல்ல தேநீர் கிடைத்தது என்றும் எதிரே இருக்கும் மனைவியிடம் சொல்லி, அது போதாமல் பக்கத்து மேசைக்காரரிடமும் திரும்பிச் சொல்லி, அவரும் ஆமாம் போட்டு, இருவரும் ஒரு சின்னப் புரட்சிக்கே தயாராகிவிட்ட நேரம் பார்த்துப் பணிப்பெண் வருவாள்.

"எல்லாம் நல்லா இருக்குங்களா?"

"அருமைம்மா! ரொம்ப நன்றி."

மிச்சத்தையும் குடித்துவிடுவார். அதுதான் கொடுமை.

இதைப் பணிவு என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். பணிவுள்ளவன் மறந்துவிடுவான். இவர் மறப்பாரா? இவர் நெஞ்சுக்குள் ஒரு நீதிமன்றம் ஓய்வில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. சாட்சி உண்டு, வாதம் உண்டு, கடுமையான தீர்ப்பும் உண்டு. குற்றவாளிக்கு மட்டும் சம்மன் போவதில்லை.

இந்த இனத்தில் நெடுநடைக்காரர் என்றொரு கிளை இருக்கிறது. கையில் இரண்டு கோல், கழுத்தில் கண்ணாடித்தாள் உறைக்குள் வரைபடம், முதுகில் மூட்டை. நாட்டின் ஒரு கடலில் காலை நனைத்துவிட்டு இன்னொரு கடல்வரை மலையும் சேறுமாக நடந்துபோவதே இவர்களுக்கு விடுமுறை. நடைபாதையில் இவரைப் பார்க்க வேண்டும்! மழையைத் திட்டுவார், சேற்றைத் திட்டுவார், வேலிக்கு அப்பால் நிற்கும் காளையை "போடா தடியா" என்பார். ஏனென்றால் காளை வந்து "எல்லாம் நல்லா இருக்குங்களா?" என்று கேட்காது.

ஆனால் ஒரு பாதை முடியும் இடத்தில் அடுத்த பாதை தொடங்குவதில்லை. இடையில் பேருந்து இருக்கிறது, ரயில் இருக்கிறது, சீருடை போட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். இனத்தின் முழுக் குணமும் அன்றைக்குத்தான் வெளிப்படும்.

ஸ்டாக்போர்ட் ஊர்க்காரர் மெர்வின் கிராப்ட்ரீயை எடுத்துக்கொள்வோம். நகராட்சித் தெருவிளக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி லொரெய்னுடன் மேற்குக் கடலில் தொடங்கிக் கிழக்கே ராபின் ஹூட்ஸ் பே என்ற கடலோரக் கிராமம்வரை நடந்து முடித்தார். மறுநாள் நாட்டின் தெற்கு ஓரத்தில் இருக்கும் வேர்ஹமுக்குப் போய், அங்கிருந்து கடற்பாறைப் பாதையைத் தொடங்குவதாகத் திட்டம். வேர்ஹமை அவர் தேர்ந்தெடுத்தது பாறைகளுக்காக. லொரெய்ன் சம்மதித்தது தங்கை பெவர்லிக்காக.

பெவர்லி நியூசிலாந்தில் இருப்பவள். மகனைப் பார்க்க வந்தவள், அன்று மாலை மட்டும் வேர்ஹம் விடுதியில் காத்திருப்பாள். இரவு எட்டுக்கெல்லாம் மகனின் காரில் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவாள். இருவருக்கும் நடுவே ஒரு பழைய கணக்கு. தாயார் இறந்தபோது பெவர்லி வரவில்லை. பூங்கொத்து வந்தது, தொலைபேசி வந்தது. "வர முடியல அக்கா, மன்னிச்சுக்கோ" என்றாள். "பரவாயில்ல" என்றாள் லொரெய்ன். அந்த ஒரு சொல் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுபோயிற்று. அப்புறம் கிறிஸ்துமஸ் அட்டைதான், பேச்சில்லை. முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் லொரெய்ன் இன்னொரு நூறு மைல் சேற்றுக்குத் தலையாட்டினாள். மெர்வினிடமும் இதைச் சொல்லியிருந்தாள். "கண்டிப்பா அஞ்சு மணிக்குள்ள அங்க இருப்போம் கண்ணு" என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

காலையில், அவர்கள் இரவு தங்கிய வீட்டுக்காரி ஆட்ரி வாசலில் நின்று வழியனுப்பினாள். "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

"குழந்தை மாதிரி!" என்றார் மெர்வின். கட்டில் நடுவில் ஒரு பள்ளம். இரவு முழுக்கத் தரையில் கிடந்தவர் அவர்.

கிராமத்தின் செங்குத்தான ஏற்றம் முழுவதும் அந்தக் கட்டிலுக்கு அர்ச்சனை நடந்தது. லொரெய்ன் கேட்டாள்: "அவகிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வருத்தப்படுவா. வாழ்நாள்ல இந்தப் பக்கம் வரமாட்டேன். அதுதான் அவளுக்குத் தண்டனை."

ஆட்ரி இன்றைக்கும் அந்தத் தண்டனையைச் சந்தோஷமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறாள்.

ஸ்கார்பரோவுக்குப் பேருந்தில் வந்து இறங்கினால், யார்க் போகும் ரயில் அன்று கிடையாது, தண்டவாள வேலை, மாற்றுப் பேருந்து நிலைய முற்றத்திலிருந்து புறப்படும் என்று அறிவிப்பு. முற்றத்தில் ஏற்கெனவே ஒரு வரிசை நின்றது. வரிசை நிற்கும் இடத்தில் இந்த ஊர் மனிதருக்குக் கேள்வி எழாது. கோயில் உண்டியலைக் கண்டவர் கை சட்டைப்பைக்குப் போவதுபோல, மெர்வினின் கால் தானாக வரிசையின் வாலுக்குப் போயிற்று. வரிசையின் தலையில் நாயைப் பிடித்தபடி ஒருவர் நின்றார்.

முற்றத்தின் அந்தப் பக்கம், இருபது தப்படி தூரத்தில், காலியாக ஒரு பேருந்து. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒரு மாப்பண்டத்தைத் தின்றபடி இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஏதோ தாள் ஒட்டியிருந்தது. இங்கிருந்து எழுத்துத் தெரியவில்லை.

"ஒருவேளை அதுதானோ?" என்றாள் லொரெய்ன்.

"அப்படின்னா இவங்க ஏன் இங்க நிக்கறாங்க?"

"போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

மெர்வினின் முகம் வெளுத்தது. "வேண்டாம். முந்திக்கிட்டுப் போறோம்னு நினைப்பாங்க."

முன்னால் நின்ற பச்சை மழைச்சட்டைப் பெண் திரும்பினாள். "எனக்கும் அதே சந்தேகம்தாங்க. வெக்கக்கேடு. ஒரு தகவல் சொல்ல ஆளில்ல பாருங்க."

"அதைச் சொல்லுங்க!" என்றார் மெர்வின். அங்கே ஒரு நட்பு மலர்ந்தது. நிர்வாகம், அரசாங்கம், தண்டவாளம், அதன் மேல் விழுந்து ரயிலை நிறுத்தும் இலைகள் எல்லாம் வரிசை நெடுகிலும் கிழித்துத் தொங்கவிடப்பட்டன. இருபது தப்படி நடந்தால் தீர்கிற சந்தேகத்தை முப்பது பேர் கூடிச் சீராட்டினார்கள். ஓட்டுநர் மாப்பண்டத்தை முடித்தார், கையைத் துடைத்தார், இவர்கள் வேறெதற்கோ நிற்கிறார்கள், அழைத்தால் நன்றாயிருக்காது என்று எண்ணினார் போலும். அவரும் இதே ஊர்க்காரர்தானே? காலிப் பேருந்து யார்க்குக்குப் புறப்பட்டுப் போனது.

சற்று நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. நாய்க்காரர், "மருமக வந்துட்டா" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, நாயோடு ஏறிப் போய்விட்டார்.

அப்போது வரிசை என்ன செய்தது என்று நினைக்கிறீர்கள்? கலைந்ததா? ஓர் அடி முன்னால் நகர்ந்தது. எல்லாருக்கும் ஒரு திருப்தி.

அடுத்த பேருந்து வந்து, யார்க் போய், லண்டன் ரயிலைப் பிடித்தபோது ஐந்து மணிக் கனவு போய்விட்டது. ஆறரைக்காவது போய்விடலாம் என்று லொரெய்ன் மனத்தைத் தேற்றிக்கொண்டாள். பீட்டர்பரோ தாண்டியதும் ரயில் வயல் நடுவே நின்றது. இந்த நாட்டில் முன்பின் தெரியாத இருவர் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் ஒரு ரயில் இப்படி நின்றுபோக வேண்டும். பெட்டி முழுக்கப் பேச்சு. மெர்வின்தான் தலைமை. போன வருடம் தான் எங்கெங்கே எவ்வளவு நேரம் நிறுத்தப்பட்டார் என்பதை, பழைய போர்வீரன் தழும்பைத் திறந்து காட்டுவதுபோல, அவர் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். இந்த முறை விடப்போவதில்லை என்றார். யாராவது ஒருவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டால்தான் புத்தி வரும் என்றார். பெட்டியே கை தட்டாத குறை.

கதவு திறந்தது. நடத்துனர்ப் பெண் வந்தாள். சின்ன வயசு, களைத்த முகம்.

"லண்டன் போய் அதுக்கப்புறம் தெற்கே போக வேண்டியவங்க யாராவது இருக்கீங்களா? லண்டன் ஸ்டேஷன் வாசல்ல வேன் ஏற்பாடு பண்ணியிருக்கோம். தெற்கு ரயில் கிளம்புற ஸ்டேஷன்ல நேரா விட்டுடுவாங்க. அவசரம் உள்ளவங்க மட்டும் சொல்லுங்க."

குழந்தையோடு இருந்த ஒரு போலந்துப் பெண் பட்டென்று கையை உயர்த்தினாள். அவள் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, இன்னும் கெட்டுப்போகவில்லை.

"நாங்க..." என்று ஆரம்பித்தாள் லொரெய்ன்.

"நாங்க பரவாயில்லம்மா" என்றார் மெர்வின் பெரிய மனதோடு. "நிஜமான அவசரம் உள்ளவங்களைப் பாருங்க."

நடத்துனர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.

"நமக்கு அவசரம் இல்லையா மெர்வின்?"

"இருக்கு. யார் இல்லேன்னா? ஆனா அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தியா? பாவமா இருந்துச்சு."

"என் முகத்தைப் பாத்தியா?"

மெர்வின் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, தெற்கே வானம் கொஞ்சம் வெளுக்கிறது என்றார்.

லண்டனில் சுரங்க ரயிலில் நசுங்கி, வாட்டர்லூ நிலையத்தில் மூட்டையோடு ஓடி, வேர்ஹம் ரயிலைப் பிடித்தார்கள். நடுவழியில் ஈஸ்ட்லீ என்ற சந்திப்பில் இந்த ரயில் இரண்டாகப் பிரியும். முன் பெட்டிகள் வேர்ஹம் பக்கம் போகும், பின் பெட்டிகள் போர்ட்ஸ்மத் போகும். பின்பெட்டியிலிருந்து முன்பெட்டிக்கு உள்வழியாக நடக்க முடியாது, இறங்கித்தான் ஏற வேண்டும். இதை ஒலிபெருக்கி கிளிப்பிள்ளைபோல் சொல்லிக்கொண்டே இருந்தது.

முன் பெட்டியில் ஏறினார்கள். அங்கே ஒரு காட்சி. ஜன்னலோரம் மனிதர், அவர் பக்கத்தில் பை. அடுத்த இருக்கையிலும் மனிதர், பை. பெட்டி நெடுக இப்படியே. பைகள் சாய்ந்து சௌகரியமாக உட்கார்ந்திருக்க, காசு கொடுத்த மனிதர்கள் கதவோரத்தில் ஒற்றைக் காலில் நின்றார்கள். நின்றவர்கள் ஒருவருக்கொருவர், "மனுஷத்தன்மையே போயிடுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டார்கள். பையின் சொந்தக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நடைமேடைதான் இருந்தது.

"கேளேன்" என்றாள் லொரெய்ன்.

"பின்னாடி காலியா இருக்கும். அங்க உக்காந்துக்கிட்டு ஈஸ்ட்லீல மாறிக்கலாம். எதுக்கு வீணா ஒருத்தரைச் சங்கடப்படுத்தணும்?"

போனார்கள். போர்ட்ஸ்மத் பெட்டியில் உட்காரவும் செய்தார்கள். வழி முழுக்க மெர்வின் பைக்காரர்களின் வளர்ப்பைப் பற்றிப் பேசினார். லொரெய்ன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்ட்லீ வந்தது. லொரெய்ன் முதலில் எழுந்து, கைப்பையோடு கதவை அடைந்து இறங்கிவிட்டாள். இரண்டு மூட்டைகளையும் சுமந்து பின்னால் வந்த மெர்வினுக்கும் கதவுக்கும் நடுவில் சைக்கிளோடு ஓர் இளைஞன் வந்து நின்றான். காதில் பாட்டுக்கருவி. "கொஞ்சம் வழி விடுப்பா" என்றால் முடிந்தது. மெர்வின் தொண்டையைச் செருமினார். பரவாயில்லைக்காரரின் உச்சக்கட்டப் போர்முழக்கம் அதுதான். இளைஞன் தலையை ஆட்டினான், பாட்டுக்கு. மெர்வின் மறுபடி செருமினார், இந்த முறை சற்றே காட்டமாக. சைக்கிளின் கைப்பிடி அவர் மூட்டையில் இடித்தது. "மன்னிக்கணும்" என்றார் சைக்கிளிடம்.

"மெர்வின்! வாயைத் திற மெர்வின்!" என்று நடைமேடையிலிருந்து லொரெய்ன் கத்தினாள்.

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் மெர்வினின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கத் தேவையில்லை. நாற்பது வருடமாக அந்த உதடு அசைகிற வடிவம் அவளுக்குத் தெரியும். பரவாயில்லை என்றார்.

லொரெய்னின் உள்ளே ஏதோ ஒன்று அறுந்தது. முன் பெட்டிக்கு ஓடினாள், ஏறினாள், முதல் பையின் முன்னால் போய் நின்றாள்.

"இந்தப் பை எந்த ஊருக்குப் போகுது?"

சட்டைக்கழுத்துப் பட்டியை இறுக்கியிருந்த கணக்கர்போன்ற ஒருவர் துள்ளி எழுந்தார். "ஐயோ, மன்னிச்சுக்கோங்க! யாராவது கேட்டா எடுத்துடலாம்னுதான் லண்டன்லேருந்து காத்துக்கிட்டிருக்கேன். ஒருத்தரும் கேக்கல."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பெட்டி முழுவதும் பைகள் விசுக் விசுக்கென்று மேலே ஏறின. கதவோரத்தில் நின்றவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். லொரெய்னுக்கு நன்றி சொன்னது யார்? ஒருவருமில்லை. பின்வரிசையில் புதிதாக இடம் கிடைத்த ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "கொஞ்சம் வாய் நீளம்தான், இல்லே?"

வேர்ஹம் விடுதியில் நுழைந்தபோது பெவர்லி மேல்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் மகனின் கார்.

"அக்கா! வரமாட்டேன்னே நினைச்சேன். மாமா எங்கே?"

"போர்ட்ஸ்மத்ல."

"அங்க எதுக்கு?"

"சைக்கிள் வழி விடல. உக்காரு. எனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"கால் மணி இழுக்கலாம். பரவா..."

"அந்த வார்த்தையைச் சொல்லாதே!" என்றாள் லொரெய்ன். குரல் பெரிதாகவே வந்துவிட்டது. சுற்றி மேசைகளில் இருந்தவர்கள் தங்கள் உருளைக்கிழங்கை மிகுந்த ஈடுபாட்டுடன் ஆராயத் தொடங்கினார்கள். "அம்மா போனப்ப நீ வரல. பரவாயில்லன்னு சொன்னேன். பொய். தனியா நின்னேன் பெவ். சர்ச்சுல முன்வரிசையில நான் ஒருத்தி. பக்கத்துல மெர்வின் நின்னுக்கிட்டு வர்றவங்க கிட்டெல்லாம் 'நாங்க நல்லா இருக்கோம்'னு சொல்லிக்கிட்டிருந்தார். உன்மேல எனக்குக் கோபம். இன்னும் இருக்கு."

பெவர்லி மேல்சட்டையைக் கழற்றினாள். உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே ஏன் திட்டல? ஒரு வார்த்தை, 'வாடி கழுதை'ன்னு சொல்லியிருந்தா அடுத்த விமானத்துல வந்திருப்பேன். நீ பரவாயில்லன்னே. சரி, இவளுக்கு நான் தேவையில்லன்னு நினைச்சுக்கிட்டேன்."

"தேவையில்லையா? உன்னைத் தவிர எனக்கு யாரு இருக்கா, மடச்சி!"

"அதைச் சொல்றதுக்கு இத்தனை வருஷமா?"

இருவரும் அழுதார்கள். அழுகையோடு சண்டையும் போட்டார்கள். தாயாரின் மோதிரத்தில் ஆரம்பித்து, பள்ளிக்கூடத்து நாளில் கிழிந்த ஒரு நீலச் சட்டைவரை போனது. நல்ல, ஆரோக்கியமான சண்டை. வாசலில் கார் இரண்டு முறை ஒலியெழுப்பியது. பெவர்லி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விமானம் போனா போகட்டும், நாளைக்கு இன்னொண்ணு இருக்கு, அம்மாவோட கடைசி நாளைச் சொல்லு" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூக்கு சிவந்து, கண் வீங்கி, இரண்டு பெரிய மனுஷிகள் ஒரே கைக்குட்டைக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தபோது பணிப்பெண் வந்து நின்றாள்.

"எல்லாம் நல்லா இருக்குங்களா?"

அக்காவும் தங்கையும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அருமைம்மா! ரொம்ப நன்றி."

இனம் அப்படி. ஒரு நாளில் தீராது.

போதும், சிரித்தது போதும். போன மாதம் நீங்கள் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தீர்கள். எல்லாம் முடிந்ததும் அவர் ஒரு கண்ணாடியை எடுத்து உங்கள் பின்மண்டைக்குப் பின்னால் பிடித்து, "சரியா இருக்கா சார்?" என்று கேட்டார். அங்கே ஒரு பக்கம் ஆடு மேய்ந்த வயலாகவும் மறுபக்கம் அறுக்காத வயலாகவும் இருந்ததை நீங்கள் உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள். வீட்டுக்கு வந்து அவரை என்னவெல்லாம் சொன்னீர்கள் என்பது உங்கள் வீட்டாருக்குத் தெரியும். ஆனால் அங்கே, அந்த நாற்காலியில், கழுத்தில் வெள்ளைத் துணியோடு உட்கார்ந்துகொண்டு, என்ன சொன்னீர்கள்?